அற்புதப் பொருள்கள்: படிக்கும்போதும் எழுதும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிராஃபீனைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் பலவும் “எஃகைவிட 200 மடங்கு வலிமையானது” என்ற வரியோடு தொடங்குகின்றன. அந்த வரி பொய்யன்று. ஆனால் அது எந்த அளவீட்டிலிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடும்போது, கிராஃபீனால் கட்டிய பாலமும் கிராஃபீன் உடல் கொண்ட வானூர்தியும் படிப்பவர் மனத்தில் எழுந்துவிடுகின்றன. அறிவியல் படிக்கும் மாணவர்களும் அறிவியலை எழுத விரும்பும் இளைஞர்களும் இப்படிப்பட்ட வரிகளை அப்படியே எடுத்தாள்வதைக் கண்ட வருத்தத்தில் இதை எழுதுகிறேன். புதிய பொருள்களைப் பற்றிய தவறுகளில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து முளைப்பவை. ஓர் ஆய்வகத்தில், ஒரு குறிப்பிட்ட துண்டில், ஒரு குறிப்பிட்ட நிலைமையில் அளந்த பண்பை, அந்தப் பெயரைத் தாங்கிய எல்லாவற்றுக்கும் உரியதாக எடுத்துக்கொள்வதே அந்த வேர்.

கிராஃபீன் என்பது கரிம (கார்பன்) அணுக்கள் தேன்கூட்டின் அறைகளைப்போல் அறுகோணங்களாகப் பிணைந்த, ஓர் அணு மட்டுமே தடிமனுள்ள தாள். பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட், இத்தகைய தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட பொருள். 2004-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கைம், கான்ஸ்டன்டின் நோவசெலோவ் ஆகியோரின் குழு ஒட்டுநாடாவைக் கொண்டு கிராஃபைட்டை மீண்டும் மீண்டும் உரித்து இத்தாளைத் தனியாகப் பிரித்தது; 2010-இல் அவ்விருவருக்கும் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதன் வலிமையை 2008-இல் அளந்தது நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு. ஒன்று முதல் ஒன்றரை மைக்ரோமீட்டர் விட்டமுள்ள நுண்துளைகளின் மேல் குறைபாடற்ற கிராஃபீனைப் பறைத்தோல்போல் விரித்து, அணுவிசை நுண்ணோக்கியின் வைர முனையால் நடுவில் அழுத்தி, அது கிழியும் விசையிலிருந்து 130 கிகாபாஸ்கல் (குறிப்பிட்ட பரப்பில் செயல்படும் விசையை அளக்கும் அலகு) என்ற மதிப்பை அவர்கள் கணக்கிட்டார்கள். தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு அகலமேயுள்ள பரப்பில் கிடைத்த எண் அது.

எந்த எஃகைவிட என்ற கேள்வியும் எழ வேண்டும். வீட்டுத் தூண்களுக்குள் வைக்கும் 500 தரக் கம்பி ஏறத்தாழ 0.55 கிகாபாஸ்கல் தாங்கக்கூடியது; அதனோடு ஒப்பிட்டால் 200 மடங்கு என்பது சரியே. இசைக்கருவிகளுக்காக இழுத்துச் செய்யும் உயர்கரிம எஃகுத் தந்தியோ 2 முதல் 3 கிகாபாஸ்கல் வரை தாங்கும். அதனோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 50 மடங்குதான். நோபல் குழு தன் விளக்கத்தில் இதைவிட நேர்மையான ஓர் உவமையைத் தந்தது. ஒரு சதுர மீட்டர் கிராஃபீனால் ஒரு தூளி கட்ட முடிந்தால், அதில் 4 கிலோ எடையுள்ள பூனை படுக்கலாம். தூளியின் எடையோ ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு, அப்பூனையின் ஒரு மீசை மயிரளவு. வியப்பும் வரம்பும் அந்த உவமைக்குள் ஒருசேர இருக்கின்றன: தாள் தாங்குவது ஒரு பூனையை.

தமிழில் எழுதுவோர் மிக அடிக்கடி இடறும் இடம் வேறொன்று. வலிமை, விறைப்பு, கடினத்தன்மை, முறிவெதிர்ப்பு ஆகிய நான்கையும் “உறுதி” என்ற ஒரே சொல்லால் நாம் கடந்துவிடுகிறோம். ஒரு பொருள் அறுந்துபோகாமல் எவ்வளவு இழுவிசையைத் தாங்கும் என்பது வலிமை. விசைக்கு வளைந்தோ நீண்டோ கொடுக்காமல் எவ்வளவு நிற்கும் என்பது விறைப்பு. கீறலை எதிர்ப்பது கடினத்தன்மை. ஏற்கெனவே விழுந்துவிட்ட விரிசல் பரவாமல் தடுப்பது முறிவெதிர்ப்பு. பொரித்த அப்பளம் விறைப்பானது, ஆனால் ஒரு கீறல் விழுந்தாலே நொறுங்கிவிடும். பதப்படுத்திய தோலுக்கு விறைப்பு இல்லை, ஆனால் அதைக் கிழிப்பது எளிதன்று. வைரத்தை எஃகால் கீற முடியாது. சுத்தியலால் உடைக்க முடியும். கிராஃபீனின் நிலையும் இதுவே. 2014-இல் ரைஸ் பல்கலைக்கழகமும் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகமும் இணைந்து, வேண்டுமென்றே விரிசல் இட்ட கிராஃபீன் தாள்களை இழுத்துப் பார்த்தபோது, அவை கண்ணாடியையும் பீங்கானையும்போல் வெடுக்கென முறிந்தன. அளந்த முறிவெதிர்ப்பு, கட்டுமான எஃகினுடையதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பெரிய பரப்பில் வளர்க்கும் எந்தத் தாளிலும் குறைகள் இருந்தே தீரும் என்பதால், பாலம் கட்டுவோருக்கு வேண்டிய எண் இதுதான், 130 அன்று.

அடுத்தது பெயரை நம்பும் தவறு. இதில் பணமும் கலந்திருப்பதால் கூடுதல் கவனம் தேவை. பன்னாட்டுத் தர நிறுவனம் 2017-இல் வெளியிட்ட சொல்விளக்கத்தின்படி, ஓரடுக்குத் தாளே கிராஃபீன். பத்து அடுக்குகள் வரை உள்ளவற்றுக்கு “சில அடுக்குக் கிராஃபீன்” என்பதுபோன்ற தனிப்பெயர்கள் உண்டு. அதற்கு மேல் போனால் அது கிராஃபைட்டின் நடத்தையையே காட்டத் தொடங்கிவிடும். 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அறிவியலாளர்கள் உலகெங்கும் 60 உற்பத்தியாளர்களிடமிருந்து கிராஃபீன் தூள்களைப் பெற்றுச் சோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் பத்து அடுக்குகளுக்கு உட்பட்ட துகள்கள் 10 விழுக்காடுகூட இல்லை. ஒன்றிலும் 50 விழுக்காட்டைத் தாண்டவில்லை. மற்றதெல்லாம் நுண்ணியதாக அரைத்த கிராஃபைட். இத்தகைய தூளைக் கலந்த வண்ணப்பூச்சோ தலைக்கவசமோ நன்றாக இருக்கக்கூடும். ஆனால் கொலம்பியாவில் அளந்த பண்புகளை அவற்றின் மேல் ஏற்றிச் சொல்ல எந்த நியாயமும் இல்லை. இலங்கையின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் கிடைக்கும் பாளக் கிராஃபைட்டைப் பற்றி எழுதும்போதும் இந்தக் குழப்பம் வருகிறது. அது 95 விழுக்காட்டுக்கு மேல் கரிமம் கொண்ட, உலகில் வேறெங்கும் வணிக அளவில் தோண்டப்படாத அருமையான கனிமம். கிராஃபீன் செய்ய நல்ல மூலப்பொருள். எனினும், மூலத்தின் தூய்மை வேறு, அதிலிருந்து உரித்த தாள்களின் அடுக்கு எண்ணிக்கை வேறு. முதலாவது உயர்ந்திருப்பதால் இரண்டாவதும் சிறந்திருக்கும் என்று முடிவுகட்டக் கூடாது.

ஒரு காணொளியை மட்டும் நம்பி எழுதுவது எத்தகைய ஆபத்து என்பதை 2023 சூலையில் உலகமே கண்டது. தென்கொரிய ஆய்வாளர்கள், ஈயம், பாஸ்பரஸ், ஆக்சிசன் ஆகியவற்றோடு செம்பு கலந்த “எல்கே-99” என்ற பொருள், சாதாரண அழுத்தத்தில் 127 டிகிரி செல்சியசுக்கு மேலும், மின்சாரத்தைத் தடையே இன்றிக் கடத்தும் மீக்கடத்தியாக இருக்கிறது என்று, பிற அறிவியலாளர்களின் மதிப்பாய்வுக்கு முந்தைய கட்டுரையாக அறிவித்தார்கள். காந்தத்தின் மேல் ஒரு சிறு துண்டு பாதி எழும்பி நிற்கும் காட்சியும் பரவியது. மீக்கடத்தி என்று ஏற்க இரண்டு சான்றுகள் வேண்டும்: மின்தடை முற்றிலும் மறைய வேண்டும், காந்தப் புலத்தைத் தன் உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும். ஒரு விளிம்பு தரையைத் தொட்டபடி சாய்ந்து நிற்பதைச் சாதாரண காந்தத்தன்மையும் செய்யும். புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பல ஆய்வகங்கள் அதே பொருளைச் செய்து பார்த்தும் மீக்கடத்தல் தென்படவில்லை. தடை திடீரெனக் குறைந்ததற்குக் காரணம், கலப்படமாகத் தங்கிய செம்பு சல்பைடு 100 டிகிரியைச் சற்றே தாண்டியதும் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்வதுதான் என்று கண்டறியப்பட்டது. செருமனியின் ஸ்டுட்கார்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் கழகம் கலப்படமற்ற படிகங்களை வளர்த்தபோது, அவை மின்சாரத்தையே கடத்தாத, ஒளி ஊடுருவும் ஊதாநிறப் படிகங்களாக இருந்தன. இவ்வளவும் ஏறத்தாழ ஒரு மாதத்திற்குள் நடந்து முடிந்தது. அந்த ஒரு மாதம் பொறுத்திருந்தவர்கள் எதையும் இழக்கவில்லை.

சூரிய மின்கலங்களுக்கான பெரோவ்ஸ்கைட் என்னும் படிகப் பொருள்களைப் பற்றிப் படிக்கும்போது பரப்பையும் ஆயுளையும் தேடிப் பார்க்க வேண்டும். 2009-இல் 3.8 விழுக்காடாக இருந்த, ஒளியை மின்சாரமாக மாற்றும் அவற்றின் திறன் இன்று 26 விழுக்காட்டைக் கடந்திருப்பது பெருஞ்சாதனை. ஆனால் சாதனைக் கலங்கள் பெரும்பாலும் நகத்தளவு பரப்புள்ளவை. கூரையில் பொருத்தும் ஒரு பலகை ஏறத்தாழ 20,000 சதுர சென்டிமீட்டர். சிலிக்கன் பலகைகள் 25 ஆண்டு உத்தரவாதத்தோடு விற்கப்படுகையில், ஈரமும் வெப்பமும் பெரோவ்ஸ்கைட்டைச் சிதைக்கின்றன என்பதைக் குறிப்பிடாத கட்டுரை முழுமையானதன்று.

பாதுகாப்பைப் பற்றி எழுதும்போது “நானோ” என்ற சொல்லுக்காகவே அஞ்சுவதும், கரிமம்தானே என்று அலட்சியம் செய்வதும் ஒரே தவறின் இரு முகங்கள். 2008-இல் எலிகளில் செய்த ஓர் ஆய்வில், நீண்டு விறைத்த பல்சுவர்க் கரிம நானோகுழாய்கள் (கிராஃபீன் தாள்களைச் சுருட்டியதுபோன்ற நுண்குழாய்கள்) கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழைகளைப்போலவே அழற்சியை உண்டாக்கின. குட்டையானவையும் சுருண்டு கிடந்தவையும் அவ்வாறு செய்யவில்லை. அதாவது, தீங்கைத் தீர்மானித்தவை நீளமும் வடிவமும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் ஒரு குறிப்பிட்ட வகை நானோகுழாயை மட்டுமே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக வகைப்படுத்தியது.

இவ்வளவு எச்சரிக்கைகளைக் கேட்டவர்கள் “இவையெல்லாம் வெறும் ஆரவாரம்” என்று ஒதுக்கிவிடுவதும் தவறே. அதையும் நான் அடிக்கடி கேட்கிறேன். நிக்கலும் டைட்டானியமும் கலந்த, வளைத்தாலும் சூடுபட்டதும் பழைய வடிவுக்குத் திரும்பும் நிட்டினால் 1959-இல் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகத்தில் உருவானது. குருதிக்குழாய் அடைபடாமல் திறந்து வைக்க, அதற்குள் தானே விரியும் ஸ்டெண்டாக (வலைக்குழாயாக) அது பரவலானது 1990-களில். கரிம இழைகள் 1960-களின் தொடக்கத்திலேயே ஜப்பானில் செய்யப்பட்டன. எடையில் பாதி, பெரும்பாலும் கரிம இழை சேர்ந்த கூட்டுப்பொருளால் ஆன போயிங் 787 வானூர்தி முதன்முதலாகப் பறந்தது 2009-இல். கிராஃபீனும் கைபேசிகளின் வெப்பத்தைப் பரப்பும் படலமாக ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது. பிரித்தெடுத்து இருபதாண்டுகளே ஆன ஒரு பொருளைத் தோல்வி என்று தீர்ப்பளிப்பது அவசரம்.

ஆய்வகத்தின் உச்ச எண்ணும் தொழிற்சாலையின் தேவையும் எவ்வளவு வேறானவை என்பதற்கு, தம்மை உருவாக்கியவர்களுக்கு 2025-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பெற்றுத்தந்த உலோகக் கரிமச் சட்டகங்கள் (எம்ஓஎஃப்) தெளிவான சான்று. உலோக அணுக்களைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்து, உள்ளே எண்ணற்ற வெற்றிடங்களோடு கட்டப்பட்ட இப்படிகங்களில், ஒரு கிராமுக்கு 7,000 சதுர மீட்டர் உட்பரப்பு கொண்டவையும் உண்டு. அந்த எண்ணை மட்டும் பார்த்தால், புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்க அவற்றைவிடச் சிறந்தது இல்லை என்று தோன்றும். ஆனால் புகையில் நீராவி உண்டு. இக்குடும்பத்தின் புகழ்பெற்ற உறுப்பினரான எம்ஓஎஃப்-5 ஈரக்காற்று பட்டாலே சிதையத் தொடங்கிவிடும். கனடாவில் ஒரு சிமென்ட் ஆலையின் புகையில் வைத்துச் சோதிக்கப்பட்ட கால்ஃப்-20 என்ற துத்தநாகச் சட்டகத்தின் உட்பரப்பு ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 500 சதுர மீட்டர்தான். நீராவியைத் தாங்கியதாலும், ஈரத்துக்கிடையிலும் கரியமில வாயுவையே விரும்பிப் பற்றியதாலும், பெருமளவில் செய்ய முடிந்ததாலும் அது ஆய்வகத்தைவிட்டு ஆலைக்குச் சென்றது.