பன்றியா, கன்றா? தெர்மல் ஸ்கோப்பை ஒப்பிட்டுப் பார்த்து வாங்குவது எப்படி

டெக்சாஸில் பிராசோஸ் ஆற்றுப் படுகையை ஒட்டி எனக்கும் என் கணவருக்கும் கொஞ்சம் நிலம் இருக்கிறது. கோஸ்டல் பெர்முடா புல் வளர்த்து, அறுத்து, காயவைத்து, உருளை கட்டி விற்கிறோம். பசுக்களும் கன்றுகளும் உண்டு. காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரே இரவில் புகுந்து கிளறிவிட்டுப் போனால், அடுத்த அறுப்புக்கு அந்தப் பக்கம் டிராக்டரை ஓட்ட முடியாது. டெக்சாஸில் இவை 26 லட்சத்துக்கும் மேல் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். பகலில் புதருக்குள் கிடக்கும், இருட்டினால்தான் வெளியே வரும். அதனால் உடம்புச் சூட்டை வைத்து இருட்டிலும் உருவத்தைக் காட்டும், துப்பாக்கியின் மேல் மாட்டும் தெர்மல் ஸ்கோப் இங்கே பண்ணை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விவசாயக் கருவி.

வாங்கப் போகிற நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு தூரம் தெரியும்?" பெட்டியின் மேல் 1,800 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். ஆளுயரப் பொருள் ஒன்று அந்தத் தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், அவ்வளவுதான் அதன் பொருள். அந்தப் புள்ளி பன்றியா, நேற்றுப் பிறந்த கன்றா, பக்கத்து வீட்டுக்காரரின் காவல் நாயா, வேலியோரம் குனிந்து வேலை செய்கிற மனிதரா என்று அது சொல்லாது. நான் கேட்கச் சொல்வது வேறு கேள்வி: எவ்வளவு தூரம் வரை எனக்குப் பன்றிக்கும் கன்றுக்கும் வித்தியாசம் தெரியும்? விலை, பிராண்ட், பேட்டரி எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இதை ஓரளவுக்குக் காகிதத்திலேயே கணக்குப் போடலாம். கருவியின் விவரங்கள் இருக்கும் ஸ்பெக் தாளில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: சென்சாரின், அதாவது வெப்பத்தை உணரும் சில்லின், பிக்சல் அளவு (மைக்ரானில்), லென்ஸின் குவியத்தூரம் (மில்லிமீட்டரில்). பிக்சல் அளவு பெரும்பாலும் 12 மைக்ரான், கொஞ்சம் பழைய வடிவமைப்புகளில் 17. பிக்சல் அளவைக் குவியத்தூரத்தால் வகுத்தால் வருகிற எண்ணை மீட்டர் தூரத்தால் பெருக்குங்கள். அந்தத் தூரத்தில் ஒரு பிக்சல் எத்தனை மில்லிமீட்டரை மூடுகிறது என்று கிடைக்கும்.

எங்கள் பக்கம் வளர்ந்த பன்றி தோள் உயரம் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தூரம் 200 கெஜம், அதாவது சுமார் 183 மீட்டர். 256 × 192 பிக்சல் சென்சார், 12 மைக்ரான், 25 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள மலிவு ரகத்தில் அந்தப் பன்றியின் உயரம் 8 பிக்சல். அதே 12 மைக்ரானில் 384 × 288 சென்சாரும் 35 மில்லிமீட்டர் லென்ஸும் என்றால் 11. 640 × 512 சென்சாரும் 50 மில்லிமீட்டர் லென்ஸும் என்றால் 16.

அமெரிக்க ராணுவத்துக்காக ஜான் ஜான்சன் 1958-ல் வகுத்த அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஏதோ இருக்கிறது என்று தெரிய 2 பிக்சல் போதும். என்ன வகை என்று தெரிய சுமார் 8. இன்னதுதான் என்று அடையாளம் காண சுமார் 13. இவை எல்லாமே பாதி வாய்ப்புக்கான எண்கள் என்பதை மறக்க வேண்டாம். 13 பிக்சல் இருந்தால் பார்ப்பவர் சரியாகச் சொல்ல 50 சதவீத வாய்ப்பு. துப்பாக்கி கையில் இருக்கும்போது பாதி வாய்ப்பு போதாது. மேலே சொன்ன மூன்று கருவிகளில் 13 பிக்சல் கிடைக்கும் தூரம் முறையே 112, 157, 224 மீட்டர். நான் இதில் பாதியைத்தான் நம்புவேன். எங்கள் நிலத்தில் பெரும்பாலான சுடும் தூரம் 80 கெஜத்துக்குள் இருப்பதால் 384-ம் 35-ம் போதுமானதாக இருக்கிறது. திறந்த வயலில் 120 கெஜம் வரை சுட வேண்டியவர்கள் 640-க்குப் பணம் சேர்ப்பதுதான் சரி. 384 ரகத்தை விட நல்ல 640-க்கு விலை கணிசமாக அதிகம்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று. பல்சார் நிறுவனத்தின் தெர்மியான் 2 எக்ஸ்பி50 ப்ரோவில் 640 × 480 சென்சார், 17 மைக்ரான், 50 மில்லிமீட்டர் லென்ஸ். ஏஜிஎம் நிறுவனத்தின் ராட்லர் டிஎஸ்35-384-ல் 12 மைக்ரான், 35 மில்லிமீட்டர். வகுத்துப் பாருங்கள், இரண்டிலும் 0.34. ஒரு பன்றியின் மேல் விழும் பிக்சல் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான். அப்படியானால் கூடுதல் காசு எதற்கு? முதலாவது, அகலம்: 100 மீட்டரில் பல்சாருக்கு 21.8 மீட்டர் அகலம் தெரியும், ராட்லருக்குச் சுமார் 13. கூட்டம் ஓட ஆரம்பித்தால் அந்த அகலம் பெரிய உதவி. இரண்டாவது, பெரிய பிக்சலும் பெரிய லென்ஸும் அதிக வெப்பத்தை வாங்குவதால் படம் சுத்தமாக இருக்கும், முக்கியமாக ஈரமான இரவுகளில்.

ஈரம்தான் எங்கள் பகுதியில் எல்லாவற்றையும் கெடுப்பது. மழை பெய்து புல், மரம், மண் எல்லாம் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிட்டால் படம் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். மூடுபனியில் தூரம் பாதிக்கும் கீழே போகும். ஸ்பெக் தாளில் மில்லிகெல்வின் என்று ஒரு எண் வருமே, அது இதற்குத்தான். எவ்வளவு நுண்ணிய வெப்ப வித்தியாசத்தைக் கருவி பிரித்துக் காட்டும் என்பதன் அளவு அது. 40-ஐ விட 25 நல்லது, 20-க்குக் கீழே இன்னும் நல்லது. ஆனால் சில நிறுவனங்கள் சென்சாருக்கு மட்டும் அளந்ததைப் போடுகின்றன, சில லென்ஸோடு சேர்த்து முழுக் கருவிக்கும் அளந்ததைப் போடுகின்றன. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வறண்ட மேற்கு டெக்சாஸில் வேட்டையாடுகிறவருக்கு இந்த எண் அவ்வளவு முக்கியமில்லை.

டிஜிட்டல் ஜூம் எத்தனை மடங்கு என்பதைப் பார்க்கவே வேண்டாம். இருக்கிற பிக்சலைப் பெரிதாக்கிக் காட்டுவதுதான் அது. வீடியோ பதிவு, வைஃபை எல்லாம் அவரவர் விருப்பம். நொடிக்கு 50 அல்லது 60 படம் காட்டுகிறதா என்பது மட்டும் அவசியம். 9 படம் காட்டும் கருவியில் நடக்கிற விலங்கு தாவித் தாவிப் போவது போலிருக்கும்.

தூரமானிக்குக் காசு கொடுக்கலாம் என்பேன். தெர்மல் படத்தில் ஆழம் தெரியாது. 60 கெஜத்தில் நிற்கிற ரக்கூன் என்ற சிறிய விலங்கும் 200 கெஜத்தில் நிற்கிற பன்றியும் ஒரே அளவில் தெரியும். லேசர் தூரமானி ஒரு எண்ணைக் காட்டிவிட்டால் உருவத்தின் உண்மையான அளவு உடனே புரிந்துவிடும்.

ஸ்கோப் வாங்கும் பணம் முழுவதையும் துப்பாக்கியின் மேல் மாட்டுவதில் போட்டுவிடாதீர்கள். கையில் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தெர்மல் மோனோகுலர் ஒன்று கட்டாயம் வேண்டும். ஸ்கோப்பை வைத்து வயலைத் துழாவினால், பார்க்கிற ஒவ்வொன்றின் மீதும் துப்பாக்கியை நீட்டுகிறோம் என்று அர்த்தம். அங்கே மனிதர் இருக்கலாம், மாடு இருக்கலாம். பட்ஜெட் குறைவாக இருந்தால் ஸ்கோப்பை ஒரு படி இறக்கி மோனோகுலரைச் சேர்த்து வாங்குங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

கடையில் ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயனில்லை. கண்ணாடி வழியாக தெர்மல் பார்க்காது, கடைக்குள் எல்லாமே ஒரே வெப்பநிலை. அந்தக் கருவி வைத்திருக்கிற இரண்டு பேரைக் கேட்டு, ஒரே இரவில், ஒரே இடத்தில் நின்று பாருங்கள். இரண்டையும் ஒரே நிறத்தில், சூடானது வெள்ளையாகத் தெரியும் வெள்ளைச் சூடு என்கிற அமைப்பில் வையுங்கள். திரை வெளிச்சத்தைக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பளிச்சென்று இருப்பதே நல்லது என்று கண் ஏமாறும். கண்ணருகே உள்ள வளையத்தை முதலில் திருப்பி எழுத்துகள் கூர்மையாகத் தெரியும்படி செய்துவிட்டு, பிறகு முன் லென்ஸைச் சரிசெய்யுங்கள். மாடு மேயும் இடத்தில் 50, 100, 150, 200 கெஜத்தில் பாருங்கள். பசுவின் கால்களுக்கு இடையே இருட்டு தெரிகிறதா? காது தனியாகப் பிரிகிறதா? எந்தத் தூரத்தில் கால்கள் உடம்போடு கலந்து ஒரே கட்டியாகிறதோ, அங்கேயே உங்கள் எல்லை. மாலை ஒருமுறை, விடியும் முன் ஒருமுறை பார்த்தால் நல்லது. மாலையில் கல்லும் மண்ணும் வெயிலின் சூட்டை வைத்திருக்கும், விடியலில்தான் பனி இறங்கி ஈரம் கூடியிருக்கும்.

பன்றிக்குத் தலை கீழேயே இருக்கும், கழுத்து என்று ஒன்று தெரியாது, கால் குட்டை, மூக்கை மண்ணில் வைத்தபடி நகர்ந்துகொண்டே இருக்கும். சேற்றில் புரண்டு வந்திருந்தால் உடம்பு திட்டுத்திட்டாக மங்கும். கன்றுக்குக் கால் நீளம், கழுத்து நீளம், அடிக்கடி தலையைத் தூக்கும். நாய்தான் கஷ்டம். ஆட்டுப் பண்ணைகளில் கிரேட் பைரனீஸ் நாய்களை மந்தையோடு விட்டிருப்பார்கள். பகலில் வெள்ளை வெளேரென்று இருக்கும் அந்த நாயின் நிறம் தெர்மலில் தெரியாது. இரவு முழுக்க வேலியோரம் தனியாகச் சுற்றும், கயோட்டி என்ற ஓநாய் போன்ற விலங்கு என்று நினைத்துச் சுட்டுவிடுகிறார்கள். பக்கத்து நிலத்துக்காரரிடம் நாய் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தெற்கு டெக்சாஸ் போனால் ஹாவலினா என்ற விலங்கு சிறிய பன்றி போலவே இருக்கும். அதை இரவில் சுடக் கூடாது. மானும் அப்படியே.

முள்கம்பி வேலியும் சுள்ளிகளும் தெர்மலில் பெரும்பாலும் தெரியாது என்பதால், சுடப்போகும் திசையையும் பின்னால் இருப்பதையும் பகலிலேயே நடந்து பார்த்துவைப்பது என் வழக்கம்.

நம்மவர்களுக்குத் தனியாக ஒன்று. டெக்சாஸில் நில உரிமையாளரின் சம்மதம் இருந்தால் தனியார் நிலத்தில் காட்டுப்பன்றிக்கு வேட்டை உரிமம் தேவையில்லை, 2019 செப்டம்பர் 1 முதல் இதுதான் சட்டம். ஆனால் எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியைத் தொடுவதையே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. அதற்கான விலக்குகளில் ஒன்று, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது. ஆகவே பன்றிக்குத் தேவையில்லை என்று யார் சொன்னாலும் நீங்கள் உரிமம் எடுத்துவிடுங்கள். டெக்சாஸ் உரிமம் ஆகஸ்ட் 31-ல் முடியும், புதுப்பிக்க மறக்கக் கூடாது. 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். ஸ்கோப்பை ஊருக்கு எடுத்துப்போகும் யோசனையே வேண்டாம். ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் இருக்கிற பொருள் அது, இந்தியாவில் வேட்டையே 1972 சட்டப்படி தடை.

வாங்கி வந்ததும் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் குறி சரிசெய்து பாருங்கள். சாதாரணக் காகித இலக்கு தெர்மலில் தெரியாது. நடுவில், குளிரில் கையைச் சூடாக்கிக்கொள்ளும் பொட்டலம் ஒன்றை ஒட்டலாம். பகலில் என்றால் அலுமினிய டேப் ஒரு துண்டை ஒட்டி, அட்டையை லேசாக மேல்நோக்கிச் சாய்த்துவையுங்கள். குளிர்ந்த வானத்தைப் பிரதிபலித்து அது கறுப்பாகத் தெரியும். லென்ஸைச் சூரியனை நோக்கித் திருப்பிவிடாதீர்கள், சென்சார் போய்விடும். இருபது குண்டு சுட்ட பிறகும் குறி அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்த்து, நகர்ந்திருந்தால் முதலில் ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் மவுண்டின் திருகுகளைச் சோதியுங்கள். அப்போதும் நகர்ந்தால் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.