திரி காயக்கூடாது: வேப் காயில் சீக்கிரம் கருகாமல் இருக்க

வேப் என்கிற மின்சிகரெட்டில் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் சிறு பாகம்தான் காயில். புதுக் காயில் மாட்டி இரண்டே நாளில் தொண்டை கமறுகிறது, அடிப்பிடித்த பால் மாதிரி ஒரு வாடை வருகிறது என்றால், பலரும் காயிலின் தரத்தைத்தான் திட்டுவார்கள். உள்ளே இருக்கும் கம்பி அவ்வளவு சுலபத்தில் பழுதாகாது. கந்தால் என்கிற இரும்பு-குரோமியம்-அலுமினியக் கலவை ஆயிரம் டிகிரிக்கு மேலும் தாங்கும். கருகுவது கம்பியைச் சுற்றியிருக்கும் பஞ்சு. அகல் விளக்கின் திரியை நினைத்துக்கொள்ளுங்கள்: எண்ணெய் ஏறிக்கொண்டிருக்கும்வரை திரி நிற்கும், எண்ணெய் வற்றினால் திரியே எரியும். வேப் காயிலிலும் கொதிக்கிற திரவம்தான் கம்பியின் சூட்டை இழுத்துக்கொள்கிறது. பஞ்சு ஓரிடத்தில் உலர்ந்தாலும் அங்கே சூடு சட்டென்று எகிறிக் கருக்கிவிடும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்: நீங்கள் ஆவியாக்கும் வேகத்துக்குப் பஞ்சு உறிஞ்சும் வேகம் ஈடுகொடுக்க வேண்டும்.

இது வேப் சட்டப்படி விற்கப்படும் நாடுகளில், சிகரெட்டை விட்டு இதற்கு மாறிய பெரியவர்களுக்கானது. பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்களை விற்கத் தடை வந்ததால், காயில் மாற்றுவது என்றாலே என்னவென்று தெரியாத பலர் நிரப்பிப் பயன்படுத்தும் கருவிகளுக்கு வந்திருக்கிறார்கள். இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இவற்றைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது எல்லாமே தடை. சிங்கப்பூரில் கையில் வைத்திருந்தாலே குற்றம். பயணத்தில் பையில் போட்டுக்கொண்டு போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

எப்போது கருகியது என்று முதலில் பாருங்கள்

காரணத்தைக் கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. மாட்டிய ஐந்து நிமிடத்துக்குள் கருகல் வந்தால், பஞ்சு நனையும் முன்பே சூடேற்றிவிட்டீர்கள். ஒரு நாளுக்குள் வந்தால் வாட் அதிகம், அல்லது காயிலுக்குப் பொருந்தாத கெட்டித் திரவம். மூன்று நான்கு நாளில் சுவை மங்கி, பிறகு தீய்ந்த சர்க்கரை வாடை வந்தால் திரவத்தில் உள்ள இனிப்பு. இரண்டு வாரம் ஓடி மெல்ல மங்கினால் அது ஆயுள் முடிந்த காயில், யாரையும் குறை சொல்ல வேண்டாம்.

நாள் கணக்கைவிட மில்லி கணக்கு நம்பகமானது. ஒரு நாளைக்கு 2 மில்லி இழுப்பவரின் காயிலையும் 10 மில்லி இழுப்பவரின் காயிலையும் 'எத்தனை நாள் வந்தது' என்று ஒப்பிட்டால் பதில் தப்பாகத்தான் வரும். எத்தனை முறை நிரப்பினீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

மாட்டும் முன் நனைப்பது

காயிலின் பக்கவாட்டில் பஞ்சு தெரியும் துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு விட்டு, அது உள்ளே போனதும் இன்னொன்று விடுங்கள். மேலிருந்து நடுக்குழாயின் சுவரோரமாக ஒன்றிரண்டு சொட்டு. மொத்தம் நான்கு முதல் ஆறு சொட்டு போதும். பஞ்சு வெள்ளை நிறம் மாறி ஈரமாய்த் தெரிய வேண்டும். நடுக்குழாயில் தாராளமாக ஊற்றினால் காயில் மூழ்கி, இழுக்கும்போது 'கொடகொட' என்று சத்தம் வரும், வாயில் திரவம் தெறிக்கும்.

பிறகு காயிலைக் கடைசிவரை திருகுங்கள். அழுத்தி மாட்டும் வகையென்றால் அடிவரை அழுத்துங்கள். டேங்கை நிரப்பும்போது மேலே இரண்டு மூன்று மில்லிமீட்டர் காற்றுக்கு இடம் விட்டு மூடி, நிமிர்த்தி வையுங்கள். நீர்த்த 50/50 திரவத்துக்குப் (இந்தக் கலவை பற்றிக் கீழே) பத்து நிமிடம், கெட்டித் திரவத்துக்கு இருபது நிமிடம். பொறுமை இல்லாதவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான்.

காத்திருந்த பின், பட்டனை அழுத்தாமல் காற்றுத் துளையைப் பாதி மூடிக்கொண்டு நான்கைந்து முறை மெதுவாக இழுங்கள். அந்த உறிஞ்சல் திரவத்தைப் பஞ்சின் நடுவரை கொண்டுவரும். பட்டன் இல்லாமல் இழுத்தாலே சூடாகும் கருவி என்றால், பாட் எனப்படும் திரவக் கூட்டைப் பேட்டரியிலிருந்து கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நனைக்கப் போய் நீங்களே கருக்கிவிடுவீர்கள்.

முதல் இழுப்புகள் குறைந்த வாட்டில் இருக்கட்டும். காயிலில் 50 முதல் 70 வாட் என்று அச்சிட்டிருந்தால் 40-45இல் தொடங்கி, பத்து இழுப்புக்கு 5 வாட் என்று ஏற்றுங்கள். மெஷ் எனப்படும் வலைக் காயிலுக்கு இது இன்னும் முக்கியம். வலை அகலமான பரப்பில் ஒரே நேரத்தில் சூடாவதால், பஞ்சில் ஒரு மூலை காய்ந்திருந்தாலும் அது தப்பாது.

வாட், ஓம், பேட்டரி

காயிலின் உடம்பிலேயே ஓம் அளவும் (மின்தடை) வாட் வரம்பும் பொறித்திருக்கும். அந்த வரம்பின் உச்சியில் ஓட்டுவது, எப்போதும் பெரிய தீயில் குழம்பு வைப்பது மாதிரி. நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழே வைத்தால் சுவையும் வரும், பஞ்சும் தாக்குப்பிடிக்கும்.

வாட்டை மாற்ற முடியாத, பேட்டரி மின்னழுத்தத்தை நேராகக் காயிலுக்கு அனுப்பும் எளிய கருவிகளில் ஓம்தான் வாட்டைத் தீர்மானிக்கிறது. மின்னழுத்தத்தின் இருமடியை ஓமால் வகுத்தால் வாட். 3.7 வோல்ட்டில் 1.2 ஓம் காயில் சுமார் 11 வாட் எடுக்கும், 0.6 ஓம் காயில் சுமார் 23 வாட், அதாவது இரட்டிப்பு. முழு சார்ஜில் 4.2 வோல்ட் வரும்போது அதே 1.2 ஓம் கிட்டத்தட்ட 15 வாட்டுக்குப் போகும். அப்படிப்பட்ட கருவியில், சார்ஜ் போட்டு எடுத்தவுடன் தொடர்ந்து இழுக்காமல் இருப்பது நல்லது.

திரையில் காட்டும் ஓம் அளவு காயிலில் அச்சிட்டதிலிருந்து ரொம்பவும் விலகியிருந்தால், காயில் தளர்ந்திருக்கலாம் அல்லது அடியில் உள்ள உலோகத் தொடுமுனையில் திரவம் படிந்திருக்கலாம். காய்ந்த டிஷ்யூவால் இரண்டு பக்கமும் துடைத்து மறுபடி மாட்டிப் பாருங்கள். தவறான ஓமைப் படிக்கும் கருவி தவறான சக்தியைத்தான் தரும்.

திரவம்

வேப் திரவத்தில் இரண்டு அடிப்படைப் பொருட்கள். பிஜி என்கிற புரோப்பிலீன் கிளைக்கால் நீர்த்தது, பஞ்சில் சீக்கிரம் ஏறும். விஜி என்கிற கிளிசரின் பாகு மாதிரி கெட்டி, மெதுவாக ஏறும், அடர்ந்த புகை தரும். 0.8 ஓம், 1.2 ஓம் போன்ற சிறிய துளைக் காயில்களுக்கு இரண்டும் பாதிப் பாதி கலந்த 50/50 கலவைதான் சரி. 70 சதவீதம் விஜி உள்ளதை அதில் ஊற்றினால் துளை வழியே ஏறவே திணறும். இரண்டாவது இழுப்பிலேயே பஞ்சு காயும். 0.5 ஓமுக்குக் கீழே, பெரிய துளை உள்ள காயில்களுக்கு 70/30 (70 விஜி, 30 பிஜி) பொருந்தும். அங்கே நீர்த்த திரவத்தை ஊற்றினால் கருகாது, ஒழுகும்.

பிரிட்டனில் நிக்கோடின் இல்லாத 50 மில்லி திரவத்தை 60 மில்லி புட்டியில் விற்பார்கள். அதில் மில்லிக்கு 18 மில்லிகிராம் நிக்கோடின் உள்ள 10 மில்லி புட்டி ஒன்றைக் கலந்தால், மொத்தம் மில்லிக்கு 3 மில்லிகிராம் கிடைக்கும். கலந்தபின் நன்றாகக் குலுக்கி எடுக்க வேண்டும்.

குளிர்காலத்தில் ஒரு விஷயம். கெட்டித் திரவம் குளிரில் இன்னும் கெட்டியாகும். காரில் இரவெல்லாம் கிடந்த கருவியைக் காலையில் எடுத்து உடனே இழுத்தால் கருகல் நிச்சயம். உள்பாக்கெட்டில் பத்து நிமிடம் வைத்துச் சூடேறவிடுங்கள்.

இனிப்புதான் காயிலின் பெரிய எதிரி. பிஜி 188 டிகிரியிலும், விஜி 290 டிகிரியிலும் கொதித்து ஆவியாகிப் போய்விடும். இனிப்புக்காகச் சேர்க்கும் சுக்ரலோஸ் அப்படிப் போகாது. சிதைந்து, பாகு முற்றிக் கருகியது போலக் கம்பியில் கறுப்புப் பொருக்காகப் படியும். பொருக்கு ஏறிய இடத்தில் பஞ்சு கம்பிக்குத் திரவத்தைக் கொடுக்க முடியாது. கஸ்டர்டு, கேரமல், காபி, மிட்டாய் வகைகள் காயிலை மூன்று நான்கு நாளில் முடித்துவிடும். நிறமில்லாத, இனிப்புச் சேர்க்காத புதினா அல்லது பழ வகை அதே காயிலில் இரண்டு வாரத்துக்கு மேலும் ஓடும். இனிப்பை விடமாட்டேன் என்றால், காயில் செலவையும் அதன் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அதில் குறுக்கு வழி ஒன்றும் இல்லை.

இழுக்கும் முறை

ஒரு இழுப்பு இரண்டு மூன்று விநாடி, அடுத்ததற்கு முன் இருபது முப்பது விநாடி இடைவெளி. பல கருவிகள் எட்டு, பத்து விநாடியில் தானே நின்றுவிடும். அது பாதுகாப்பு எல்லை, அவ்வளவு நேரம் இழுக்கலாம் என்று சொல்லும் அனுமதி அல்ல. விட்டு விட்டு இழுக்கப் பொறுமை இல்லையென்றால் வாட்டையாவது குறையுங்கள்.

டேங்கில் கால் பங்குக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். துளைகள் அடியில் இருந்தாலும், சாய்த்துப் பிடித்து இழுக்கும்போது ஒரு பக்கத் துளை காற்றில் நிற்கும். பையில் படுத்துக் கிடந்தாலும் இதே கதை. எடுத்து நிமிர்த்தி ஒரு நிமிடம் கழித்து இழுங்கள். பாக்கெட்டில் போடும்போது பட்டனைப் பூட்டுங்கள். பல கருவிகளில் ஐந்து முறை அழுத்தினால் பூட்டும் அல்லது அணையும். பாக்கெட்டுக்குள் தானாகச் சூடாகிக் கருகிய காயில்கள் ஏராளம்.

இழுத்து முடித்ததும் டேங்கில் சின்னச் சின்னக் குமிழி மேலே வந்தால் நல்லது. திரவம் காயிலுக்குள் போய், அதற்கு ஈடாகக் காற்று டேங்குக்குள் வருகிறது. டேங்க் நிறைந்திருந்தும் குமிழியே வராமல் சுவை காய்ந்தால், காற்று அடைபட்டிருக்கிறது. நிரப்பும் மூடியை ஒரு நொடி திறந்து மூடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

கருகிய பிறகு

நிறுத்திவிடுங்கள். காய்ந்த பஞ்சிலும் அதிகச் சூட்டிலும் ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற பொருட்கள் உருவாகின்றன. கமறல் உடம்பு சொல்லும் எச்சரிக்கை, 'இன்னும் ரெண்டு இழுப்பு இழுத்தால் சரியாகும்' என்பது நடக்காது. கடையில் வாங்கிய காயிலைக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தும் யோசனையும் அதிகம் உதவாது. இனிப்புப் படிவு கொஞ்சம் கரையலாம், கருகிய பஞ்சு திரும்பாது. தீய்ந்த தோசையைக் கழுவித் தின்ன முடியுமா?

நீங்களே பஞ்சு போடும் வகை மட்டும் விதிவிலக்கு. பஞ்சை உருவிவிட்டு, குறைந்த வாட்டில் விட்டுவிட்டு அழுத்திப் பொருக்கை எரித்து, கம்பி ஆறியபின் தண்ணீரில் தூரிகையால் தேய்க்கலாம். நிக்கல், டைட்டானியம் கம்பிகளை இப்படிச் செந்தழலாக்கக் கூடாது. புதுப் பஞ்சை நுழைக்கும்போது சற்றே பிடிமானத்தோடு நகர வேண்டும், ஆனால் காயில் வளையக்கூடாது. இறுக்கினால் திரவம் ஏறாது. தளர்ந்தால் கம்பி பஞ்சைத் தொடாத இடத்தில் வெறுமனே காயும். ஓரங்களைச் சீப்பால் பிரித்துப் பஞ்சைக் குறைத்து, திரவத் துளையை லேசாக மூடும்படி வையுங்கள், திணிக்காதீர்கள்.

பழைய காயிலையும் பாட் கூட்டையும் குப்பையில் வீசாமல், வாங்கிய கடையில் மறுசுழற்சிக்குக் கொடுங்கள். அதில் மிச்சமிருக்கும் நிக்கோடின் குழந்தைக்கும் வீட்டு விலங்குக்கும் விஷம். புட்டியை மூடி, கைக்கு எட்டாத அலமாரியில் வைத்து, திரவம் பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.