ஏற்காட்டு வரைபடத்தில் பிழையா? எங்கே திருத்துவது, யாரிடம் சொல்வது

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காடு போய்ச் சேர்ந்த பிறகு, தோட்டங்களுக்கு நடுவே பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. அதனால் இணையம் இல்லாமலே வழிகாட்டும் செயலிகளைத்தான் எல்லோருக்கும் சொல்வேன். ஓஸ்ம்ஆண்ட், ஆர்கானிக் மேப்ஸ், அதிலிருந்து 2025இல் பிரிந்த கோமேப்ஸ் மூன்றும் திறந்த மூலச் செயலிகள், அதாவது நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்பவை. குடங்கள் வேறு, கிணறு ஒன்று: 2004இல் தொடங்கிய, யாரும் திருத்தக்கூடிய உலக வரைபடத் தரவான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். பிழையைக் கண்டால் அது கிணற்றிலா குடத்திலா என்று முதலில் பாருங்கள்.

நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டப் பாதை என்று வைத்துக்கொள்வோம். முகப்பில் இரும்புக் கேட், உள்ளே தோட்டத்தார் மட்டுமே போகலாம். செயலியோ அதன் வழியாகவே காரை ஓட்டச் சொல்கிறது.

முதல் படி: இன்னொரு செயலியிலும் அதே இடத்துக்கு, அதே வண்டிக்கு வழி கேளுங்கள். இரண்டும் ஒரே தப்பைச் செய்தால் அனேகமாகத் தரவில்தான் கோளாறு. ஒன்று மட்டும் தடுமாறினால், அதிலுள்ள வரைபடம் பழையதா என்று பாருங்கள்.

இரண்டாம் படி: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் கேள்விக்குறி பொத்தானை அழுத்தி, பாதையைத் தொடுங்கள். அதன் குறிச்சொற்கள் வரிசையாக வரும். ‘ஹைவே = டிராக்’ (தோட்ட, காட்டு வண்டிப்பாதை) என்று மட்டும் இருந்து, ‘ஆக்சஸ்’ என்ற வரியே இல்லையென்றால் காரணம் கிடைத்துவிட்டது. அந்தப் பாதை யாருக்கு என்று யாரும் எழுதவில்லை. செயலிகள் பொதுவழி என்று எடுத்துக்கொண்டன.

மூன்றாம் படி, திருத்தம். கணக்குத் தொடங்கி, எடிட் போங்கள். கேட் இருக்கும் இடத்தில் பாதைமேல் ஒரு புள்ளி வைத்து ‘பேரியர் = கேட்’ என்றும், புள்ளிக்கும் உள்ளே போகும் பாதைக்கும் ‘ஆக்சஸ் = பிரைவேட்’ என்றும் கொடுங்கள். சேமிக்கும்போது, “நேரில் பார்த்தது, கேட் பூட்டியிருக்கிறது, தோட்டத்தாருக்கு மட்டும்” என்று எழுதுங்கள். கூகுள் மேப்ஸைப் பார்த்து நகலெடுக்கவே கூடாது. உரிமம் இடம் தராது. நேரில் போகாதவர்கள் திருத்தாமல், வரைபடத்தில் ஒரு குறிப்பு மட்டும் விடுங்கள், உள்ளூர்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். செயலிகளுக்கு வந்து சேரச் சில வாரங்கள் ஆகலாம். அப்புறம் பாருங்கள், ஒரே திருத்தம் மூன்றிலும் தெரியும்!

நான்காம் படி: தரவு சரி, செயலி கேட்கவில்லை என்றால் மட்டும் அந்தச் செயலியை உருவாக்கும் திட்டத்தின் பக்கத்தில் இஷ்யூ (பிழைப் புகார்) போடுங்கள். போடுவதற்கு முன், அதே புகார் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள். செயலியின் பதிப்பு, வரைபடத்தின் தேதி, எங்கிருந்து எங்கே, பாதையின் இணைப்பு, இவ்வளவும் வேண்டும். இன்னொரு செயலியின் திட்டத்திலும் அதே சிக்கல் இருந்தால் இரண்டு இஷ்யூவிலும் மற்றதன் இணைப்பைச் சேருங்கள். “அவங்க சரியா செய்றாங்களே” என்று மட்டும் எழுதாதீர்கள். பிரிந்து போன திட்டங்களுக்கு நடுவே அந்த ஒரு வரி போதும், பேச்சு வேறெங்கோ போய்விடும். அங்கே என்ன நடக்கிறது என்பதைத் தகவலாகச் சொல்லுங்கள்.

நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒரு விஷயம். ஓஸ்ம்ஆண்ட் நிரலின் உரிமம் ஜிபிஎல் 3. மற்ற இரண்டும் அப்பாச்சி 2.0. அப்பாச்சி நிரலை, பதிப்புரிமைக் குறிப்போடு, ஜிபிஎல் 3 திட்டத்துக்குக் கொண்டுபோகலாம். எதிர்த்திசையில், எழுதியவரே அனுமதித்தால்தான் முடியும். திருத்தத்தை எழுதியது நீங்களே என்றால் இரண்டு பக்கமும் அந்தந்த உரிமத்தில் தாராளமாகக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால், அதையும் இரண்டு இஷ்யூவிலும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.