சொராரிட்டி ரெக்ரூட்மென்ட் வாரத்தில் உடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சொராரிட்டி எனப்படும் மாணவியர் சங்கங்கள் புதிய உறுப்பினர்களைச் சேர்க்கும் ரெக்ரூட்மென்ட் வாரத்தில், சேர விரும்பும் மாணவி ஒரே நாளில் பல சங்க வீடுகளுக்குச் சென்று, முன்பின் அறியாத பெண்களோடு நின்றும் உட்கார்ந்தும் பேச வேண்டியிருக்கிறது. மதிப்பெண், பரிந்துரைக் கடிதம் போன்றவை ஒருபுறம் இருந்தாலும், அவளைச் சந்தித்தவர்கள் மனத்தில் தங்குவது அந்தப் பேச்சுதான். பேசும் நேரத்தில் அவள் தன் உடையைப் பற்றி ஒருமுறைகூட நினைக்க வேண்டியிராதபடி உடுத்தியிருப்பதே நல்ல தேர்வு என்பது என் உறுதியான கருத்து. வழக்கமாக நேரும் தவறுகள் பெரும்பாலும் இதை மறந்துவிடுவதால் வருபவை.

முதல் தவறு வெயிலைக் கணக்கில் எடுக்காமல் துணி வாங்குவது. தெற்கு மாநிலங்களில் பல பல்கலைக்கழகங்கள் வகுப்புகள் தொடங்கும் முன்பே, ஆகஸ்ட் மாதத்தில் இந்த வாரத்தை நடத்திவிடுகின்றன. அண்மை ஆண்டுகளில் 2,500 பேர் அளவில் மாணவியர் பங்கேற்கும் அலபாமா பல்கலைக்கழகம் அமைந்துள்ள டஸ்கலூசாவில், அந்த மாதத்தின் பகல் வெப்பம் சாதாரணமாகவே 33 டிகிரி செல்சியஸைத் தொடும். அதோடு புழுக்கமும், சொல்லாமல் வரும் பிற்பகல் இடிமழையும் உண்டு. வீட்டுக் கதவு திறக்கும்வரை வெளியே வரிசையில் காத்திருக்க வேண்டும். சாம்பல் நிறத்திலும் வெளிர்நீலத்திலும் வியர்வை பட்ட இடம் உடனே தெரியும்; பட்டிலும் சாட்டினிலும் ஒரு சொட்டு நீர் விழுந்தாலே கறையாக நிற்கும்; உள்துணி தைத்த பாலியஸ்டர் உடையோ காற்றே புகாமல் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். வெள்ளை, அடர்நிறம், சிறு பூ அச்சு ஆகியவை வியர்வையை மறைக்கும். மெல்லிய பருத்தியோ லினன் கலந்த துணியோ இருந்தால் இன்னும் நல்லது. லினன் கசங்குமே என்று சிலர் தயங்குவார்கள். நனைந்த முதுகோடு பேசுவதைவிடக் கசங்கிய துணியோடு பேசுவது எவ்வளவோ மேல்.

அடுத்தது செருப்பு. எனக்குத் தெரிந்தவரை அதிகத் துன்பம் தருவது இதுதான். புதிதாக வாங்கிய குதியுயர்ந்த செருப்பை அன்றுதான் முதல்முறை அணிந்து, வீட்டுக்கு வீடு தார்ச்சாலையில் நடந்தால், இரண்டாவது வீட்டை அடைவதற்குள் குதிகாலில் கொப்புளம் வந்துவிடும். மூன்றாவது வீட்டில் புன்னகைக்கும்போதே ஒரு காலில் எடையைச் சாய்த்து நிற்பாள். எதிரே நிற்பவளுக்கு அது ஆர்வமின்மையாகத் தோன்றக்கூடும். ஆகவே செருப்பை இரண்டு வாரம் முன்பே வீட்டுக்குள் போட்டு நடந்து பழக்க வேண்டும். கூரான குதிக்குப் பதிலாக அகலமான குதியைத் தேர்ந்தால் புல்தரையில் புதையாது. நடப்பதற்குச் சாதாரணச் செருப்பு, வாசலில் மாற்றிக்கொள்ள நல்ல செருப்பு என்று இரண்டையும் கொண்டு செல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அனுபவமுள்ளவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். பல வளாகங்களில் பையையும் கைப்பேசியையும் வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதால், விலையுயர்ந்த கைப்பை வாங்குவது வீண்செலவு. பிளாஸ்திரி, கைவிசிறி, குடை, தண்ணீர், ஊக்கு, டியோடரன்ட் ஆகியவை கொள்ளும் ஒரு துணிப்பையே போதும்.

எல்லா நாளும் ஒரே தரத்தில் உடுத்துவது இன்னொரு தவறு. சுற்றுகளின் பெயரும் எண்ணிக்கையும் வளாகத்துக்கு வளாகம் மாறினாலும், முதலில் சங்கங்களை அறிமுகப்படுத்தும் ஓப்பன் ஹவுஸ், பிறகு சங்கத்தின் தொண்டுப் பணியை விளக்கும் ஃபிலாந்த்ரபி, உறுப்பினர்களின் நட்பைக் காட்டும் சிஸ்டர்ஹுட், கடைசியாக விருப்பத்தை முடிவு செய்ய உதவும் ப்ரெஃபரன்ஸ் என்று போவது வழக்கம். தொடக்கச் சுற்றுகளில் வளாகக் குழுவே ஒரே மாதிரியான டி-ஷர்ட் கொடுத்துவிடும் இடங்களும் உண்டு. அங்கே ஷார்ட்ஸோ எளிய பாவாடையோ போதும். சிஸ்டர்ஹுட் சுற்றுக்கு நல்ல கோடைக்கால ஃபிராக் பொருந்தும். ப்ரெஃபரன்ஸ் சுற்றில் பெரும்பாலும் இரண்டு வீடுகளுக்கு மேல் போவதில்லை. அது அமைதியான, உணர்வுபூர்வமான நிகழ்வு. மாலை விருந்துக்குரிய அடக்கமான உடையை அதற்கென்றே ஒதுக்கி வைக்க வேண்டும். அதை முதல் நாளே அணிந்துவிட்டால் கடைசி நாளுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஒவ்வொரு வளாகத்திலும் சொராரிட்டிகளை ஒருங்கிணைக்கும் பேன்ஹெலெனிக் குழு சுற்றுவாரியாக உடைக் குறிப்பை முன்கூட்டியே வெளியிடுகிறது. தோழியின் கல்லூரியில் நடந்ததை நம்பி அதைப் படிக்காமல் விடக்கூடாது.

வாங்கிய உடையைக் கண்ணாடி முன் நின்று மட்டும் பார்ப்பதும் போதாது. தாழ்வான சோபாவில் உட்கார்ந்து, விளிம்பு எங்கே ஏறி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இரு கைகளையும் உயர்த்தி, குனிந்து, படியேறிப் பார்க்க வேண்டும். தோள்பட்டை இல்லாத உடை என்றால் பேசும்போதெல்லாம் கை தானாக அதை மேலே இழுக்கப் போகும். அந்த அசைவு எதிரில் இருப்பவர் கண்ணில் நிச்சயம் படும். மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த ராம்பர் அழகாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டு வீடுகளுக்கு இடையே கிடைக்கும் சில நிமிடங்களில் கழிவறைக்குப் போய்வருவது பெரும்பாடு.

எந்தச் சங்கத்தின் பெயரைக் குறிக்கும் கிரேக்க எழுத்துகளும் பொறித்த ஆடையையோ நகையையோ, அம்மாவோ அக்காவோ அதன் உறுப்பினராக இருந்தாலும்கூட, அணியவே கூடாது. கறுப்பின மாணவியரின் வரலாற்றுச் சிறப்புமிக்க நான்கு சங்கங்களில் இந்த நெறி இன்னும் கடுமையானது. 1908-இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவுக்கு உரியவை இளஞ்சிவப்பும் பச்சையும். 1913-இல் அதே இடத்தில் பிறந்த டெல்டா சிக்மா தீட்டாவுக்குச் செந்நிறமும் பாலேட்டு நிறமும். இவர்களின் அறிமுகக் கூட்டத்துக்கு அவர்கள் நிறத்திலேயே உடுத்திப் போவதை, உழைத்துப் பெற வேண்டிய உரிமையை முன்னதாகவே எடுத்துக்கொண்டதாகக் கருதுவார்கள். சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 1986-இல் சேர்ந்தது முதலில் சொன்ன சங்கத்தில்தான். அதன் தொடக்ககால உறுப்பினர்களை இருபது முத்துகள் என்று போற்றுவதால், முத்துமாலையையும் தவிர்க்கச் சொல்வேன். கறுப்பு அல்லது கருநீல நிறத்தில் அலுவலக உடை இங்கே பாதுகாப்பானது.

2021 ஆகஸ்டில் அலபாமா மாணவியர் தங்கள் அன்றாட உடையை டிக்டாக்கில் விவரித்த காணொளிகள் உலகெங்கும் பரவின. அதன்பின் கெண்ட்ரா ஸ்காட் நிறுவனக் கழுத்தணி, கோல்டன் கூஸ் நிறுவனக் காலணி எல்லாம் கட்டாயம் போலும் என்ற எண்ணம் பல வீடுகளில் வேரூன்றிவிட்டது. அப்படி எந்த விதியும் கிடையாது. சேர்ந்தபின் கட்ட வேண்டிய உறுப்பினர் கட்டணமே கணிசமானது. அந்தப் பணத்தை முன்கூட்டியே உடையில் கரைத்துவிட்டு வருந்தும் குடும்பங்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மனம் வலிக்கிறது. தோழியின் உடையை இரவல் வாங்கி அணிவதில் ஒரு குறையும் இல்லை.

டெக்சஸிலும் ஜார்ஜியாவிலும் வளர்ந்த நம் வீட்டுப் பெண்கள் சிலர், இந்த வாரத்துக்காக மூக்குத்தியைக் கழற்றுகிறார்கள், தினமும் வைக்கும் பொட்டை விடுகிறார்கள். இதை நான் பெரிய தவறாகவே எண்ணுகிறேன். நான்கு ஆண்டுகள் உடன் வாழப்போகிறவர்கள் முதல் நாளிலேயே அவளை அவளாகப் பார்க்கட்டும். 1998-இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் தெற்காசிய மாணவியர் நிறுவிய டெல்டா ஃபை ஒமேகா போன்ற சங்கங்களும் இருக்கின்றன. ஆனால் அங்கேயும் குர்தாதான் உடை என்று ஊகிக்காமல், அழைப்பில் உள்ள குறிப்பைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

எந்தச் சங்கம் தன்னைச் சேர அழைத்திருக்கிறது என்ற முடிவு உறையில் வரும் பிட் டே அன்று உடையில் மிகையாகச் செலவிடத் தேவையே இல்லை. உறை பிரித்ததும் சேர்ந்த சங்கத்தின் டி-ஷர்ட்டைக் கையில் கொடுத்து அங்கேயே மேலே மாட்டிக்கொள்ளச் சொல்லும் வளாகங்கள் பல. அலபாமாவில் மைதானத்தில் உறையைப் பிரித்துவிட்டுப் புதிய வீட்டை நோக்கி ஓடுவதே மரபு. உடம்போடு ஒட்டிய எளிய மேலாடை, ஷார்ட்ஸ், கயிறு இறுக்கிக் கட்டிய ஓட்டக் காலணி ஆகியவை அன்றைக்குப் போதும்.