மண்ணடி ஆபீஸ் ரேட் ஷீட்ட வெளிய கசியாம ஷேர் பண்றது எப்படி? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

சென்னை மண்ணடில தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெரு பக்கம் ஏதாவது ஒரு கிளியரிங் ஆபீஸுக்குள்ள (ஹார்பர்ல சரக்குக்கு கஸ்டம்ஸ் வேல பாத்துக் குடுக்கிற ஆபீஸ்) போய் பாருங்க, பார்ட்டியோட, அதாவது கஸ்டமரோட பான் கார்டு, ஐஇசி (ஏற்றுமதி இறக்குமதி பண்றதுக்கான கோட் நம்பர்) காப்பி, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கேன்சல் செக்கு எல்லாமே ஒரே ஒரு வாட்ஸ்அப் குரூப்ல கெடக்கும். அந்த குரூப்ல ஓனர் இருப்பாரு, அக்கவுண்ட்ஸ் பாக்குற அக்கா இருப்பாங்க, ஹார்பர்ல நிக்கிற பையன் இருப்பான், வேலைய விட்டு எப்பவோ போய்ட்ட இன்னொரு பையனும் இருப்பான், ஏன்னா அவன யாரும் ரிமூவ் பண்ணல. எம்.சி. ரோடு துணிக்கடைல சப்ளையர் ரேட்டு, காசிமேட்டுல மீன் ஏத்துறவங்க பார்ட்டி லிஸ்ட்டு, எல்லா எடத்துலயும் இதே கததான்.

"கூகுள் டிரைவ்ல போட்டா சேஃப் தானே, அதுலயும் என்க்ரிப்ஷன் (சாவி இல்லாம படிக்க முடியாதபடி ஃபைல பூட்டுறது) இருக்கே"ன்னு கேப்பீங்க. இருக்கு. ஆனா சாதாரண அக்கவுண்ட்ல அந்த சாவி கூகுள் கிட்டதான் இருக்கும், கோடவுனுக்குப் பூட்டு போட்டுட்டு சாவிய வாட்ச்மேன் கிட்டயே குடுத்துட்டு வர்ற மாதிரி. எண்ட் டு எண்ட் என்க்ரிப்ஷன்னா உங்க கம்ப்யூட்டர்லயே ஃபைல் பூட்டப்பட்டுதான் வெளிய போகும், சர்வர் வெச்சிருக்கிற கம்பெனியே நெனச்சாலும் உள்ள இருக்கிறத படிக்க முடியாது. அந்த வசதியோட நாலு பேரு ஒரே ஷீட்ல எப்படி வேல பாக்குறதுன்னுதான் இப்ப பாக்கப்போறோம்.

முதல்ல எத மாத்தணும்னு முடிவு பண்ணுங்க

எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தப் போனா ஆபீஸே ஸ்ட்ரைக் பண்ணிடும். டீ செலவு கணக்கு அங்கயே கெடக்கட்டும். ரேட் ஷீட்டு, பார்ட்டியோட கேஒய்சி, பேங்க் விவரம், இந்த மூணு போதும். தனிநபர் விவரம் வெச்சிருக்கிறவங்களுக்கு 2023ல டிஜிட்டல் பெர்சனல் டேட்டா பாதுகாப்புச் சட்டம் வேற வந்திருக்கு, சரியான பாதுகாப்பு ஏற்பாடு பண்ணாம விட்டா 250 கோடி ரூபா வரைக்கும் அபராதம் போட அதுல எடம் இருக்கு. நம்ம மாதிரி சின்ன ஆபீஸ்காரங்க மேல அவ்ளோ பெரிய தொகை பாயுமோ இல்லியோ, பார்ட்டி கோச்சிக்கினு பக்கத்து ஆபீஸுக்குப் போனாலே நமக்கு அது பெரிய அபராதம்தான்.

கிரிப்ட்பேட்ல அக்கவுண்ட் தொறங்க

கிரிப்ட்பேட்னா எண்ட் டு எண்ட் என்க்ரிப்ஷனோட நாலு பேரு சேந்து ஷீட் போடுற ஒரு வெப்சைட். ஃபிரான்ஸ்ல இருக்கிற டீம் பண்ணது, ஓபன் சோர்ஸ் (கோட யாரு வேணா பாக்கலாம்), எதையும் இன்ஸ்டால் பண்ண வேணாம், பிரவுசர்லயே ஓடும். கிரிப்ட்பேட் டாட் எஃப்ஆர் போங்க, சைன் அப் அழுத்துங்க, ஒரு யூசர் நேம், ஒரு பாஸ்வேர்டு, அவ்ளோதான், மெயில் ஐடி கூட தேவையில்ல. ஃப்ரீயா 1 ஜிபி எடம் தர்றாங்க, ரேட் ஷீட்டுக்கு அது தாராளம்.

இங்கதான் எல்லா ஓனரும் ஒரு கேள்வி கேப்பாங்க.

"இன்னாப்பா, பாஸ்வேர்டு மறந்துட்டா ஓடிபி வராதா?"

"வராதுண்ணே. அவங்க கிட்ட சாவியே இல்லண்ணே, எப்டி தொறந்து குடுப்பாங்க?"

அதனால யூசர் நேமையும் பாஸ்வேர்டையும் ஒரு பேப்பர்ல எழுதி பீரோல வெச்சிடுங்க, ஆபீஸ் நோட்டீஸ் போர்டுல இல்ல. செட்டிங்ஸ்ல டூ ஃபேக்டர் (பாஸ்வேர்டோட போன் ஆப்ல வர்ற நம்பரையும் கேக்குற வசதி) ஆன் பண்ணீங்கன்னா ஒரு ரெகவரி கோட் வரும், அதையும் அதே பேப்பர்ல எழுதிக்கோங்க. பாஸ்வேர்டு வெக்கிறப்போ நாலு அஞ்சு சொல்ல சேத்து நீளமா ஒரு பாஸ்வேர்டு போடுறது, பார்ட்டி பேரோட 123 சேக்குறத விட எவ்ளோவோ மேல்.

ஷீட் தொறந்து ஷேர் பண்றது

உள்ள போனதும் நியூ, அப்புறம் ஷீட். பழைய எக்செல் ஃபைல் இருந்தா இம்போர்ட் பண்ணலாம், எக்கச்சக்க ஃபார்முலா போட்ட ஃபைல்னா வந்ததுக்கப்புறம் ஒருவாட்டி செக் பண்ணிக்கோங்க. ஷேர் பட்டன தட்டினா வியூ லிங்க்கா எடிட் லிங்க்கான்னு கேக்கும். ஹார்பர் பையனுக்கு வியூ போதும், அக்கவுண்ட்ஸ் அக்காவுக்கு எடிட்.

அந்த லிங்க்க கொஞ்சம் உத்துப் பாருங்க. நடுவுல ஒரு ஹேஷ் குறி இருக்கும், அதுக்குப் பின்னால புரியாத எழுத்தா நீளமா ஓடும். ஷீட்ட தொறக்குற சாவி அதுலதான் இருக்கு. ஹேஷுக்குப் பின்னால இருக்கிறத பிரவுசர் சர்வருக்கு அனுப்பவே அனுப்பாது, அதனாலதான் சர்வர்காரனுக்கு ஒண்ணும் தெரியல. ஆனா அதே காரணத்தால, எடிட் லிங்க்க பழைய வாட்ஸ்அப் குரூப்ல தூக்கிப் போட்டீங்கன்னா இவ்ளோ நேரம் பண்ணதெல்லாம் வேஸ்ட், லிங்க் யார் கையில கெடைக்குதோ அவன் உள்ள வந்துடுவான்.

அதுக்குதான் ஆக்சஸ்னு ஒரு பட்டன் இருக்கு. அதுல ரெண்டு வழி. ஒண்ணு, ஷீட்டுக்குன்னு தனியா பாஸ்வேர்டு போடலாம், அத போன்ல கூப்ட்டு வாயால சொல்லுங்க, லிங்க் போற எடத்துலயே அனுப்பாதீங்க. இன்னொண்ணு, ஸ்டாஃப் எல்லாரும் அக்கவுண்ட் தொறந்து உங்களுக்கு கான்டாக்ட் ஆயிட்டாங்கன்னா ஆக்சஸ் லிஸ்ட் ஆன் பண்ணி யார் யார் உள்ள வரலாம்னு டிக் பண்ணிடலாம், லிஸ்ட்ல இல்லாதவன் லிங்க் வெச்சிருந்தாலும் கதவு தொறக்காது. என்ன கேட்டா ரெண்டாவதுதான் ஆபீஸுக்கு சரி, முதல் வாரம் மட்டும் கொஞ்சம் தலவலி இருக்கும். போன்ல ஷீட் எடிட் பண்றது கஷ்டம், சின்ன ஸ்கிரீன்ல அடம் புடிக்கும், எண்ட்ரி போடுறத கம்ப்யூட்டர்ல வெச்சிக்கோங்க. அப்பப்போ ஒரு காப்பி டவுன்லோடு பண்ணி பென் டிரைவ்ல வைங்க.

ஸ்கேன் பண்ண பழைய பிடிஎஃப் எல்லாம்?

அதுங்களுக்கு கிரிப்டோமேட்டர்னு ஃபைல பூட்டுற ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. கம்ப்யூட்டர்ல ஃப்ரீ. இன்ஸ்டால் பண்ணி, இப்ப இருக்கிற கூகுள் டிரைவ் ஃபோல்டருக்குள்ளயே ஒரு வால்ட் (பூட்டுன பெட்டி மாதிரி ஒரு ஃபோல்டர்) கிரியேட் பண்ணுங்க, ரெகவரி கீ வேணுமான்னு கேக்கும், கண்டிப்பா வேணும்னு சொல்லுங்க. அன்லாக் பண்ணா தனி டிரைவ் மாதிரி தெரியும், அதுல போடுற ஃபைலெல்லாம் ஏஇஎஸ் 256ன்னு சொல்ற பலமான என்க்ரிப்ஷன் முறைல பூட்டிதான் மேல ஏறும், ஃபைல் பேரு கூட வெளிய தெரியாது. ரெண்டு பேர் ஒரே நேரத்துல ஒரே ஃபைல எடிட் பண்ண இது ஆவாது, சேத்து வெக்க மட்டும்தான்.

வாட்ஸ்அப்ப விட முடியாதுன்னா

விட வேணாம், பார்ட்டி அதுலதான் இருக்காங்க. மெசேஜ் போறப்போ 2016லேர்ந்தே எண்ட் டு எண்ட்தான், ஓட்ட பேக்கப்புல இருக்கு. செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் உள்ள போனா கீழ எண்ட் டு எண்ட் என்க்ரிப்டட் பேக்கப்னு இருக்கும், அத நீங்களாதான் ஆன் பண்ணணும். அடுத்தது லிங்க்டு டிவைசஸ், அதத் தொறந்து பாத்தா ஜெராக்ஸ் கடைல பிரிண்ட் எடுக்க ஸ்கேன் பண்ண கம்ப்யூட்டர் இன்னும் லாகின்லயே நிக்கும், உடனே லாக் அவுட் பண்ணுங்க. ஸ்டாஃப்புக்குள்ள பேசிக்கிறதுக்கு சிக்னல்ங்கிற மெசேஜ் ஆப் வெச்சிக்கலாம், டிஸ்அப்பியரிங் மெசேஜ் (தானா அழியிற மெசேஜ்) ஒரு வாரம்னு செட் பண்ணிட்டா பேங்க் விவரமெல்லாம் வருஷக்கணக்கா போன்ல தேங்காது.

யாராவது வேலைய விட்டுப் போனா

அன்னிக்கே ஆக்சஸ் லிஸ்ட்லேர்ந்து பேர எடுங்க, ஷீட் பாஸ்வேர்ட மாத்துங்க, குரூப்லேர்ந்து ரிமூவ் பண்ணுங்க. வால்ட் பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும்னா புது வால்ட் போட்டு ஃபைல அதுக்கு மாத்துறதுதான் நல்லது. அவர் ஏற்கெனவே டவுன்லோடு பண்ணி வெச்ச காப்பிய எந்த டூலாலயும் திருப்பி வாங்க முடியாது, அதனால எல்லா பார்ட்டி ரேட்டையும் ஒரே ஷீட்ல போடாம, யாருக்கு எந்த பார்ட்டியோ அந்த ஷீட்ட மட்டும் குடுங்க.