நெதர்லாந்து கிராமங்களில் இ-பைக் சுற்றுலா: முதல் முறை போகிறவர்களுக்கு

மேடே இல்லாத நாட்டில் மோட்டார் வைத்த சைக்கிள் எதற்கு? அங்கே காற்றுதான் மேடு. பாதி நாள் எதிர்க்காற்றில் மிதித்துப் பாருங்கள், புரியும்.

1. பாதை: ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே வாட்டர்லாந்து என்ற கிராமப் பகுதிக்கு வழிகாட்டியோடு போகும் சுற்றாகப் பாருங்கள். சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பின்புறம் இலவசப் படகில் சைக்கிளோடு ஏறி அக்கரையில் இறங்கினால், கொஞ்ச தூரத்திலேயே புல்வெளியும் வாய்க்காலும் வந்துவிடும்.

2. சீட்: உட்கார்ந்தபடியே இரண்டு முன்பாதங்களும் தரையில் படவேண்டும். உயரமாக இருந்தால் கூச்சப்படாமல் வழிகாட்டியிடம் இறக்கித் தரச் சொல்லுங்கள்.

3. கிளம்புவது: புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். மோட்டாரின் உதவியைக் குறைந்த அளவில் வையுங்கள். ஹேண்டில் நேராக இருக்கட்டும், விரல்கள் பிரேக்கில் இருக்கட்டும். பெடலை அழுத்தியதும் யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்ட மாதிரி வண்டி நகரும். அதனால் சிக்னலில் நிற்கும்போது பெடலில் காலை ஊன்றாதீர்கள். லேசாக அழுந்தினாலும் முன்னால் நிற்பவர் மேல் இடித்துவிடும். காலி இடத்தில் பத்து முறை நின்று நின்று கிளம்பிப் பழகுங்கள். 25 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் மோட்டார் உதவி நின்றுவிடும், பயம் வேண்டாம்.

4. சாலை: வலப்பக்கம் ஓட்ட வேண்டும். இடப்பக்கம் பழகிய நமக்குத் திருப்பங்களில்தான் மறந்துபோகும். தரையில் வெள்ளை முக்கோணங்களின் கூர்முனை உங்களைப் பார்த்திருந்தால் குறுக்கே வருபவருக்கு வழிவிடுங்கள். ஓட்டும்போது போனைக் கையில் எடுப்பது 2019 ஜூலை முதல் குற்றம். படம் எடுக்க ஓரமாக நிறுத்துங்கள்.

5. புல்வெளி: ஏப்ரல், மே மாதங்களில் போனால், கருவால் மூக்கன் என்ற பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டு வட்டமிடும். டச்சுக்காரர்களின் (நெதர்லாந்து மக்களின்) தேசியப் பறவை அது. அந்த இடத்தில் மெதுவாகப் போங்கள், அவசரமே வேண்டாம்.

6. பேட்டரி: காற்று முதுகில் இருக்கும்போது மோட்டாரைக் குறைத்து, திரும்பும் வழிக்கு மிச்சம் பிடியுங்கள். அந்தப் பக்கம் இருக்கும் மார்க்கன் கிராமம் 1957 வரை தீவு. அந்த ஆண்டு முடிந்த அணைச்சாலையில்தான் அங்கே போவீர்கள். காற்றுக்கு ஒதுங்க ஒரு மரம்கூட இருக்காது. அப்புறம், மார்க்கனிலிருந்து ஃபோலண்டாம் என்ற ஊருக்குச் சைக்கிள் ஏற்றும் படகு உண்டு. உங்கள் சுற்றில் அது சேர்ந்திருக்கிறதா என்று கிளம்பும் முன்பே வழிகாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.