கர்வ்டு அல்ட்ராவைடு மானிட்டர்: கடையில் மயங்கி வீட்டில் விழிக்காமல் இருக்க

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் 34 இன்ச் கர்வ்டு அல்ட்ராவைடு (வளைந்த, சாதாவைவிட அகலமான) மானிட்டரை ஓடவிட்டு வைத்திருப்பார்கள். கார் ரேஸோ கடலடி வீடியோவோ திரை முழுக்கப் பரவி ஓடும். பெரும்பாலும் அந்தத் திரை அளவுக்கென்றே தயாரித்த டெமோ அது. வண்ணாரப்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ மெட்ரோ ஏறி, கவர்ன்மென்ட் எஸ்டேட்டில் இறங்கிப் போகிற நம்ம ஆள் ஐந்து நிமிடம் பார்த்ததும் பர்ஸைத் திறந்துவிடுகிறார். உங்கள் டேபிளில், உங்கள் கிராபிக்ஸ் கார்டோடு, நீங்கள் பார்க்கும் படங்களுக்கு அது எப்படி இருக்கும் என்பது அங்கே தெரியாது. அந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

முதலில் சினிமா. ஏமாற்றம் அதிகம் இதில்தான். "தியேட்டர் படம் 2.39:1, மானிட்டரும் கிட்டத்தட்ட அதேதான், அச்சாகப் பொருந்தும்" என்பார்கள். கணக்கு சரிதான் (இது அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்; சாதா மானிட்டர், டிவி 16:9, அல்ட்ராவைடு 21:9). ஆனால் ஓடிடியில் வரும் பல படங்கள் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு 16:9 சட்டத்துக்குள் அடைத்தே வருகின்றன. அதை 3440×1440 பிக்சல் (புள்ளி) உள்ள அல்ட்ராவைடு திரையில் போட்டால் இடமும் வலமும் தலா 440 பிக்சல் கறுப்பாகிவிடும். மேல், கீழ் பட்டையும் அப்படியே இருக்கும். நாலு பக்கமும் கறுப்பு, நடுவில் படம்! 27 இன்ச் சாதா மானிட்டரில் என்ன அளவில் தெரியுமோ அதே அளவுதான் இதிலும். பிரவுசரில் எக்ஸ்டென்ஷன் போட்டு ஜூம் செய்யலாம். ஆனால் சப்டைட்டில் கீழ்ப்பட்டையில் வந்தால் அது வெட்டுப்படும். கிரிக்கெட், சீரியல், பெரும்பாலான யூடியூப் வீடியோ எல்லாம் 16:9தான். படம் பார்க்க மட்டும் என்றால், அதே காசுக்கு நல்ல டிவி வாங்கலாம் என்பது என் கருத்து.

கேமிலும் இதே கதை பாதி உண்டு. ஓப்பன் வேர்ல்டு கேம், ரேஸிங், ஃப்ளைட் சிமுலேட்டர் விளையாடுபவருக்கு அல்ட்ராவைடு பெரிய சுகம். பக்கவாட்டில் கூடுதல் உலகமே தெரியும். வேலரன்ட் மட்டும்தான் என்றால் அந்த அகலம் வீண், அது 16:9க்கு மேல் காட்டாது. எல்டன் ரிங் கணினியிலும் 16:9தான், இருபுறமும் பட்டை. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் இரண்டுமே 21:9 படம் அனுப்புவதில்லை. கடைக்காரர் "எல்லாத்துலயும் ஓடும் தம்பி" என்பார். ஓடும், பட்டையோடு ஓடும். நீங்கள் அதிகம் விளையாடும் கேம்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் 21:9 தருமா என்று தேடிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

அடுத்தது கிராபிக்ஸ் கார்டு. 3440×1440 என்றால் சுமார் 49.5 லட்சம் பிக்சல். சாதாரண ஃபுல் எச்டியை (1920×1080) போல ஏறக்குறைய 2.4 மடங்கு. ஜிடிஎக்ஸ் 1650 போன்ற 4 ஜிபி கார்டோடு இதை மாட்டினால் புது கேம் எல்லாம் திணறும். மானிட்டர் பட்ஜெட்டையும் கார்டு பட்ஜெட்டையும் ஒரே கணக்கில் வையுங்கள்.

இன்ச் எண்ணைப் பார்த்து ஏமாறுவது இன்னொன்று. 29 இன்ச் அல்ட்ராவைடின் உயரம் 23 இன்ச் சாதா மானிட்டர் அளவுதான். ஏற்கெனவே 27 வைத்திருப்பவர் அதை வாங்கினால் திரை குள்ளமானது போல இருக்கும். 34 வாங்கினால்தான் பழைய 27இன் உயரம் கிடைக்கும். அதிலும் விலை மலிவாக 34 இன்ச்சில் 2560×1080 விற்பார்கள். ஒரு இன்ச்சுக்கு 80 பிக்சல் சொச்சம்தான், எழுத்து பிசிறடிக்கும். தவிர்த்துவிடுங்கள்.

டேபிளை அளந்தீர்களா? 34 இன்ச் திரையின் அகலம் சுமார் 80 செ.மீ, கேரம் போர்டின் ஆடும் பரப்பே 74 செ.மீ.தான். கீபோர்டு ட்ரே வைத்த சின்ன கம்ப்யூட்டர் டேபிளில், ஸ்டாண்டின் கால்கள் பாதி இடத்தைத் தின்றபின் திரை மூக்கில் இடிக்கும். ஆர்ம் (திரையைத் தாங்கும் மடக்குக் கை) போடலாம் என்றால் வெசா துளை (பின்பக்கம் அதை மாட்டும் திருகுத் துளை) இருக்கிறதா, ஆர்ம் அந்த எடையைத் தாங்குமா என்று பாருங்கள். சுவரில் மாட்டும் யோசனை வாடகை வீட்டில் எடுபடாது, ஆணி அடிக்கவே ஓனர் விடமாட்டார்.

வளைவைப் பற்றியும் ஒரு குழப்பம். 1500ஆர் என்றால் 1500 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. எண் குறையக் குறைய வளைவு கூடும். கேமுக்கு 1000ஆர் கூட நன்றாகவே இருக்கும், ஆனால் நேர்கோடுகளோடு டிசைன் வேலை செய்பவர்களுக்குக் கண் உறுத்தலாம். முக்கியமாக, இது நடுவில் உட்காரும் ஒருவருக்கான திரை. ஒரே ரூமில் கட்டிலில் இரண்டு பேர், பாயில் மூன்று பேர் என்று உட்கார்ந்து பார்க்கும் வீட்டில், ஓரத்தில் இருப்பவருக்குப் படம் கோணலாகத் தெரியும்.

மலிவான கர்வ்டு மானிட்டர்களில் பெரும்பாலும் விஏ (எல்சிடி திரையில் ஒரு வகை) பேனல்தான். கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் இருட்டுக் காட்சி வேகமாக நகர்ந்தால் கறுப்பு இழுவிக்கொண்டே போகும் மாடல்கள் உண்டு. "1 எம்எஸ்" என்ற ஸ்டிக்கரை (படம் மாறும் நேரம், மில்லிசெகண்டில்) நம்பி இதை முடிவு செய்யாதீர்கள். கடையில் கறுப்புப் பின்னணியில் எழுத்துள்ள பக்கத்தைத் திறந்து வேகமாக ஸ்க்ரோல் செய்து பாருங்கள், விஷயம் தெரிந்துவிடும். எச்டிஆர் 400 (இருட்டு, வெளிச்ச வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் தரம்) முத்திரைக்கும் கூடுதல் காசு தராதீர்கள். அதற்கு உச்ச வெளிச்சம் 400 நிட்ஸ் (வெளிச்ச அளவு) போதும், இருட்டையும் வெளிச்சத்தையும் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டும் வசதி கட்டாயமில்லை. ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை) படத்துக்கு அருமை. நாள் முழுக்க எக்ஸெல் திறந்து வைப்பவர் யோசிக்க வேண்டும். அசையாத டாஸ்க்பாரின் தடம் திரையில் நிலையாக விழலாம்.

வாங்கி வந்து மாட்டியதும் விண்டோஸ் செட்டிங்கில் ஹெர்ட்ஸை (நொடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கிறது) பாருங்கள். 144, 165 என்று காசு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் 60இலேயே ஓட்டுபவர்கள் நிறைய. பழைய எச்டிஎம்ஐ 2.0 வழியாக 3440×1440க்கு 100 ஹெர்ட்ஸ் அளவில்தான் கிடைக்கும்; டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைப் பயன்படுத்துங்கள். டெட் பிக்சல் (வேலை செய்யாத புள்ளி) ஒன்றிரண்டு இருந்தால் மாற்றித் தருவார்களா என்பதைக் காசு கட்டும் முன் கேளுங்கள், அதை பில்லில் எழுதி வாங்கினால் இன்னும் நல்லது. அப்புறம் அந்த அட்டைப்பெட்டி. இடம் அடைக்கிறது என்று வீட்டில் திட்டினாலும், வாரண்டி முடியும்வரை பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வளைந்த திரையைத் தெர்மாகோல் இல்லாமல் ஆட்டோவில் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோவது ஆபத்து.